விடியல் திருகு

ஒரு விடை யாருக்குச் சொந்தம்? தேடிக் கண்டடைந்து மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பவருக்கா, கேட்பவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்பவருக்கா? இந்தக் கேள்வியைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். படிக்கும்போது எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது எளிது. அதே கேள்வி என் அக்காள் வீட்டுச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது அப்படி இருக்க முடியவில்லை.

அக்காளின் கணவர், என் அத்தான், நகராட்சிக் கோளரங்கத்தில் கருவி இயக்குபவர். நூலகத்துக்குப் பின்னால் இருந்த வட்டக் கட்டடம் அது. உள்ளே சாய்ந்து உட்காரத் தொண்ணூறு நாற்காலிகள், தலைக்கு மேல் கவிழ்த்த கிண்ணம் போல வெள்ளைக் குவிமாடம், நடுவில் இரும்புக் காலின் மேல் ஒரு செம்பு உருண்டை. பெரிய தர்பூசணி அளவு இருக்கும். அதன் மெல்லிய தகட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டைகள். உள்ளே கடுகளவு இழை கொண்ட ஒரு விளக்கு. விளக்கைப் போட்டால் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு கீற்று வெளிச்சம் கிளம்பிக் குவிமாடத்தில் நட்சத்திரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அத்தானின் இடம் கதவோரத்தில் இருந்த மரப்பெட்டி. ஓர் ஆள் முழங்காலை மடக்கி உட்காரலாம், அவ்வளவுதான். அதற்குள் மூன்று திருகுகள். முதலாவது வானத்தைச் சுழற்றும். இரண்டாவது நட்சத்திரங்களைக் கூட்டும், குறைக்கும். மூன்றாவது விடியல். அதைத் திருப்பினால் குவிமாடத்தின் விளிம்பில் மறைத்து வைத்திருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்; அடிவானம் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு வெள்ளை. நட்சத்திரங்கள் தாமாகக் கரையும். சரியாகச் செய்தால் ஒன்றரை நிமிடம். அத்தான் ஒரு நாளைக்கு நான்கு தடவை விடிய வைத்தார். அந்தத் திருகின் கறுப்புத் தலையில் இருந்த வரிகள் அவர் விரல் பட்டுப் பட்டு மழுங்கிப் போயிருந்தன.

திங்கட்கிழமை பொதுமக்களுக்கு விடுமுறை. அன்றுதான் அவருக்கு உண்மையான வேலை. வாரம் முழுவதும் சேர்ந்த தூசி சில ஓட்டைகளை அடைத்திருக்கும். ஓர் ஓட்டை அடைபட்டால் ஒரு நட்சத்திரம் காணாமல் போகும். கண்ணில் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டு, மெல்லிய தையல் ஊசியால் தூசியைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். அதற்கென்று அலுவலகம் ஊசி எதுவும் கொடுக்கவில்லை. அக்காளின் தையல் டப்பாவில் இருந்து எடுத்துக்கொண்டு போவார்.

அவர் படித்த படிப்பு குறைவு, படித்த புத்தகங்கள் அதிகம். பக்கத்து நூலகத்தின் அறிவியல் அலமாரியை இடமிருந்து வலமாக ஒரு தடவையும் வலமிருந்து இடமாக ஒரு தடவையும் முடித்தவர். வானம் ஏன் நீலம், கடல் ஏன் உப்பு, மின்னலுக்குப் பிறகு இடி ஏன் உருண்டுகொண்டே போகிறது, எல்லாம் தெரியும். சொல்லத்தான் வராது. திக்குவாயெல்லாம் இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அதன் ஆதிமூலத்தில் இருந்து தொடங்குவார். "முதல்ல, வெளிச்சம்னா என்னன்னு பார்த்துடணும்" என்பார். கேட்டவன் அப்போதே கதவைப் பார்க்கத் தொடங்கியிருப்பான். அலுவலகத்தில் அவருக்கு 'முதல்ல' என்றே பெயர்.

"ஒரு தடவை தெரியாத்தனமாக் கேட்டுட்டேன் தம்பி, ஈரத் துணி ஏன் கொஞ்சம் கறுப்பாத் தெரியுதுன்னு" என்று வாயிற்காவலர் என்னிடம் சொன்னார். "அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள துணியே காஞ்சிடுச்சு."

இதில் அநியாயம் எதுவும் இல்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். தெரிந்துகொள்வதிலேயே நிறைவு காண்கிற மனிதர் என்று அவரைப் பற்றி எனக்குள் ஒரு சித்திரம் வைத்திருந்தேன். அது என் வசதிக்கு நான் வரைந்தது.

கோளரங்கத்தில் பேசிவந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நிர்வாகி முதலில் அத்தானைத்தான் கூப்பிட்டார். ஒரே ஒரு காட்சி. "முதல்ல" என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிடக் காட்சியில் முப்பத்தைந்தாவது நிமிடம் வரை சூரியனே மறையவில்லை. பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நிர்வாகி முதுகில் தட்டிக்கொடுத்து, "நீங்க பெட்டியில இருந்தாத்தான் சார் வானம் ஒழுங்காச் சுத்துது" என்றார். அடுத்த நாள், புதிய ஆள் வரும்வரை எழுதி வைத்த உரையை வாசிக்கட்டும் என்று, சீட்டு கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்த ஒருத்தியைக் கூப்பிட்டார். அவள்தான் என் அக்காள்.

ஒன்பது வருடம் கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாகப் பேசிப் பழகியவள் அவள். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது நான்கு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அந்த நான்கு வார்த்தையும் எரிச்சலாக ஒலிக்கக் கூடாது. பல வருடம் மேடையில் பேசியவர்களுக்கும் இது கைவருவதில்லை. அவள் இருட்டில் நின்று, வெளிச்ச அம்பால் வானத்தைத் தொட்டுக் காட்டிப் பேசிய முதல் நாளே வாயிற்காவலர் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம் என்று சொன்னது எட்டு மாதமாயிற்று.

காட்சியின் முடிவில், விடிவதற்கு முன், பத்து நிமிடம் கேள்வி நேரம். தெரியாததைக் கேட்டால், "இதை விசாரிச்சுச் சொல்றேன், அடுத்த வாரம் வாங்க" என்பாள். கிழிந்த சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வாள். விசாரிக்கிற இடம் வீடுதான்.

"ஏங்க, பஸ்ல போகும்போது நிலா ஏன் கூடவே வருது?"

"முதல்ல..."

"நாளைக்குப் பத்து மணி ஷோவுக்குள்ள முடிஞ்சிடுமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கரண்டியைப் பேருந்து ஆக்கி, டம்ளரை மரமாக்கி, சாப்பாட்டு மேசை முழுவதும் கோணங்கள் வரைவார். அவள் பீன்ஸ் நறுக்கி, வேகவைத்து, இறக்கி வைத்த பிறகும் நிலா வந்து சேராது. ஆனால் அவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பாள். மறுநாள் இருட்டில் இப்படிச் சொன்னாள்:

"ஜன்னல் வழியாப் பாருங்க. பக்கத்துல இருக்கிற விளக்குக் கம்பம் சட்டுனு பின்னாடி ஓடிடும். தூரத்து மலை மெதுவா நகரும். நிலா அந்த மலையைவிட எவ்வளவோ தூரம். அது நம்ம கூட வரலைங்க. நாம நகர்ந்ததே அதுக்குத் தெரியலை. அவ்வளவுதான்."

தொண்ணூறு பேரும் சிரித்தார்கள். பெட்டிக்குள் ஒருவர் சிரிக்கவில்லை.

"அவ சொன்னது தப்பு இல்ல மச்சான்" என்றார் என்னிடம். "ஆனா முழுசும் இல்ல."

"என்ன விட்டுப்போச்சு அத்தான்?"

"கோணம்."

இன்னொரு நாள், நட்சத்திரம் ஏன் மின்னுகிறது, கிரகம் ஏன் மின்னுவதில்லை என்று யாரோ கேட்டிருந்தார்கள். அவள், "மேல இருக்கிற காத்து அசைஞ்சுக்கிட்டே இருக்கு. அதுல வெளிச்சம் நடுங்குது. ஒரு மெழுகுவத்தி நடுங்கினா கண்ணுக்குத் தெரியும். நூறு மெழுகுவத்தியைச் சேர்த்து வெச்சா, ஒவ்வொண்ணும் தனித்தனியா நடுங்கினாலும் மொத்தத்துல தெரியாது. நட்சத்திரம் ரொம்பத் தூரத்துல, ஒத்தைப் புள்ளி. கிரகம் பக்கத்துல, நூறு புள்ளி" என்று முடித்துவிட்டாள். அவர்கள் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன்; அத்தான் அன்று மாலை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"காத்துன்னு சொன்னா, சரி. வெப்பநிலைன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

"இல்ல."

"சொல்லலை இல்ல?" என்றார். அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்துபோனது. அது அழகான திருப்தி இல்லை.

பிள்ளைகளிடம் இருந்து தபால் அட்டைகள் வர ஆரம்பித்தன. முகவரியில் 'நட்சத்திர அம்மா, கோளரங்கம்' என்று மட்டும் இருக்கும், ஆனாலும் வந்து சேரும். அக்காள் அவற்றை வீட்டுக்கு எடுத்து வருவாள். அத்தான் ஒன்றுவிடாமல் படிப்பார். படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் எழுத்துப்பிழைகளைத் திருத்தி வைப்பார். முடிதிருத்தும் கடையில் ஒருவர், "நட்சத்திர அம்மா வீட்டுக்காரர்தானே நீங்க?" என்று கேட்ட பிறகு, அரை மணி நேரம் நடந்து போய் வேறு கடையில் முடிவெட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யாரும் கேட்டது இல்லை. அவரே தனக்காக வைத்திருந்தது. இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? சூரியன் இல்லாததால் என்று எல்லாரும் சொல்வார்கள். அத்தான் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். எண்ணி முடியாத நட்சத்திரங்கள் எல்லாத் திசையிலும் இருக்குமானால், எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை ஏதோ ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும். வானம் முழுவதும் வெள்ளையாக எரிய வேண்டும். அப்படி இல்லையே, ஏன்? ஏனென்றால் பிரபஞ்சத்துக்கு ஒரு வயது இருக்கிறது. ஒளிக்கு ஒரு வேகம் இருக்கிறது. மிகத் தொலைவில் இருப்பவற்றின் ஒளி இன்னும் வழியில்தான் இருக்கிறது. வந்ததிலும் பெரும்பகுதி, பிரபஞ்சம் விரிய விரிய இழுபட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத நிறமாக மாறிவிடுகிறது. கல்யாணமான புதிதில் மாடிப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் அக்காளுக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்கையில், தன்னையறியாமல் ஒரு நல்ல வாக்கியம் அவர் வாயில் இருந்து விழுந்துவிட்டது: "இருட்டுன்னா வேற ஒண்ணும் இல்ல. இன்னும் வந்து சேராத வெளிச்சம்."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே சுருக்கமான உண்மை அது. ஒரு புதன்கிழமை மூன்று மணிக் காட்சியில், யாரோ ஒரு பெரியவர் இரவு ஏன் இருட்டு என்று கேட்டபோது, அக்காள் அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துச் சொன்னாள். உடனே கைதட்டல்.

கைதட்டல் நடுவிலேயே விடிந்தது. கேள்வி நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. சாம்பல் நிறம் வரவில்லை, ஆரஞ்சு வரவில்லை, நேராக வெள்ளை. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"இன்னைக்குச் சூரியனுக்கு என்ன அவசரம்?" என்று அக்காள் பெட்டியருகே போய்க் கேட்டாள்.

"விளக்கு சூடாயிடுச்சு."

"விளக்கா, நீங்களா?"

அன்று மாலை மேசையில் பேச்சு அங்கேயே வந்து நின்றது.

"அது என் வாக்கியம்" என்றார்.

"எது?"

"இருட்டு."

"ஏங்க, இருட்டுகூடவா உங்களுது?" என்று சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "உங்க பேரைச் சொல்லணும்னு எனக்குத் தோணாமப் போச்சு. நாளைக்குச் சொல்லிடறேன்."

"வேண்டாம். கேட்டு வாங்கறதுக்கு அது என்ன ரேஷன் சாமானா?"

அவள் மறுநாள் சொல்லத்தான் செய்தாள். "இது நான் சொன்னது இல்லைங்க. அந்தப் பெட்டிக்குள்ள இருக்காரே என் வீட்டுக்காரர், அவர் சொன்னது" என்று அம்பை அந்தப் பக்கம் திருப்பினாள். தொண்ணூறு தலைகள் திரும்பின. அத்தான் குனிந்து, ஏதோ வயரைத் தேடுகிறவர் போலப் பெட்டிக்குள் மறைந்தார். கை மட்டும் மேலே வந்து திருகைத் தொட்டது. விடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பத்து நிமிடம் எட்டாயிற்று, ஆறாயிற்று. வந்தவர்கள் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவள் கவனித்தாள். அதிலிருந்து பதில்களைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டு, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் சுக்கான்காரர் வந்தார். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். வேட்டைக்காரக் கூட்டம் என்று சொல்வார்களே, இடுப்பில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்குமே, அது மேலே வந்ததும் கையைத் தூக்கினார்.

"அந்த மூணு நட்சத்திரத்துக்கும், கீழ பளீர்னு ஒண்ணு எரியுதே, அதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே அம்மா. அது எது? முப்பது வருஷமா அந்த இடத்தைப் பார்த்துத்தான் கப்பல் ஓட்டியிருக்கேன். அங்க அப்படி ஒண்ணு கிடையாது."

"விசாரிச்சுச் சொல்றேங்க ஐயா" என்றாள் அக்காள்.

அன்று மாலை மேசையில் நானும் இருந்தேன். அவள் கேள்வியை வாசித்தாள். அத்தான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது மாறொளி நட்சத்திரம். சில வருஷம் தெரியும், சில வருஷம் மங்கிடும். பழைய ஆளுங்களுக்குத் தெரியாது."

இவ்வளவுதான். அவர் 'முதல்ல' என்று தொடங்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாறொளி நட்சத்திரங்கள் என்று வானத்தில் உண்டு. ஆனால் அது அப்படி ஒன்று இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, உருண்டையில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்து, தூசி அடைத்த ஓட்டை என்று நினைத்து ஊசியால் குத்தினார். அது ஓட்டையே இல்லை; தகட்டில் செம்பு அரித்திருந்த ஒரு பள்ளம். ஊசி வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் குவிமாடத்தில் ஒரு புதிய நட்சத்திரம், நல்ல பிரகாசமாக. கருவியைக் கெடுத்தான் என்று வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அடைத்துவிடலாம் என்று பல திங்கட்கிழமைகள் நினைத்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் என்று விட்டுவிட்டார். அப்போது இருந்த பேச்சாளர் அந்தப் பக்கம் அம்பைக் கொண்டுபோனதே இல்லை. பதினொரு வருடம் அந்தப் பொய் நட்சத்திரம் ஒழுங்காக உதித்து ஒழுங்காக மறைந்தது. இது எல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

தன் தவறை மறைக்க மட்டும் அவர் அக்காளுக்குப் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான். ஆனால் "தெரியலை" என்று சொல்லியிருந்தாலே ஓட்டை மறைந்திருக்கும். அவள் தொண்ணூறு பேர் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தவறாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. பொறாமை பெரிய தீமைகளைக் கேட்பதில்லை. சின்னதாக ஒன்று கேட்கும், அதனால்தான் கொடுத்துவிடுகிறோம்.

அவள் சொன்னாள். சுக்கான்காரர் அடுத்த வாரம் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக நிர்வாகியின் அறைக்குப் போனார். எழுத்தில் ஒரு புகாரும் கொடுத்தார். அந்த மாதம்தான் அக்காளை நிரந்தரப் பேச்சாளராக ஆக்குவதா என்று நகராட்சிக் குழு முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நிர்வாகி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "வெள்ளிக்கிழமை மூணு மணி ஷோவுக்கு நானும் வர்றேன், அவரும் வர்றார். கேள்வி நேரத்துல அந்த நட்சத்திரத்துக்கு ஒரு சரியான பதில் வரணும். வரலைன்னா, அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பழையபடி கவுன்ட்டருக்கே போயிடுங்க. படிச்ச ஆளாப் பார்த்துப் போட்டுக்கறேன்." பிறகு அத்தானைப் பார்த்து, "அதுவரைக்கும் உருண்டையை யாரும் தொடக் கூடாது சார். துடைக்கிறதும் வேண்டாம்" என்றார்.

ஒரு சொட்டுக் கறுப்பு வண்ணத்தால் அடைத்து, மாறொளி நட்சத்திரம் மங்கிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கிற வழியும் அப்படி அடைபட்டது.

வியாழக்கிழமை மாலை அக்காள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அது மாறொளிதானே?"

"சொன்னேனே."

"எங்க படிச்சீங்க?"

"நான் சொன்னது சொன்னதுதான்."

அவர் எழுந்து வெளியே போன பிறகு, அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "பாருடா" என்றாள் என்னிடம். "இத்தனை வருஷத்துல இவர் எனக்கு இப்படிக் குட்டியாப் பதில் சொன்னதே இல்ல. நிலாவுக்கு ரெண்டு மணி நேரம். இதுக்கு ரெண்டு வரி."

"அவர் தப்பாச் சொல்லியிருப்பார்னு நினைக்கிறியா?"

"தப்பாச் சொல்ல அவருக்குத் தெரியாது" என்றாள். துணியை அடுக்கிக்கொண்டே, "வேணும்னே சொன்னாத்தான் உண்டு" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் கடைசி வரிசையில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன்வரிசையில் நிர்வாகியும் சுக்கான்காரரும். காட்சி எப்போதும் போல நடந்தது. வேட்டைக்காரக் கூட்டம் மேலே வந்தது. அந்த நட்சத்திரமும் கூடவே வந்தது. கேள்வி நேரம் என்று அக்காள் சொன்னதும் சுக்கான்காரர் எழுந்தார்.

"அம்மா, அந்த நட்சத்திரம் எது?"

அக்காள் அம்பை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். பெட்டியின் திறந்த பக்கம் வழியாக அத்தானின் கை எனக்குத் தெரிந்தது. அது விடியல் திருகின் மேல் இருந்தது.

"தெரியாதுங்க ஐயா" என்றாள். "போன தடவை தெரிஞ்ச மாதிரி சொன்னேன். சரிபார்க்காமச் சொன்னேன். அது என் தப்பு."

யாரோ கைதட்டினார்கள். பார்த்தால், சுக்கான்காரர். "கப்பல்ல இதைச் சொல்றதுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டாங்க" என்றார் அவர். வரிசை வரிசையாகக் கைதட்டல் பின்னால் வந்தது. நிர்வாகி மட்டும் தட்டவில்லை. அவருக்கு வேண்டியது பதில்.

நான் அத்தானைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் அந்தப் பெட்டிக்குள் எல்லாம் தெரிந்துவைத்திருந்தவருக்கு ஒரு கைதட்டல் கிடையாது. இவளுக்குத் தெரியாது என்று சொன்னதற்கே கிடைக்கிறது. ஒரு மனிதனின் முகத்தில் இவ்வளவு கசப்பை அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. கையில் திருகு இருந்தது. கால் சுற்றுத் திருப்பினால் போதும். விடிந்துவிடும், காட்சி முடிந்துவிடும், தெரியாது என்பதே கடைசி வார்த்தையாகிவிடும். செவ்வாய்க்கிழமை முதல் அவள் கண்ணாடிக்குப் பின்னால்.

கை திருகை விட்டு இறங்கியது.

"முதல்ல..." என்றது பெட்டிக்குள் இருந்து ஒரு குரல்.

வாயிற்காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் நிர்வாகி நெளிந்தது தெரிந்தது. அத்தான் பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றார்.

"முதல்ல, அது நட்சத்திரமே இல்ல. ஓட்டை. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி தூசி எடுக்கும்போது ஊசி வழுக்கி, நான் போட்ட ஓட்டை. அவங்களுக்குத் தப்பாச் சொன்னதும் நான்தான். தெரிஞ்சே சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. குவிமாடத்துக்கு ஒரு குணம் உண்டு, அங்கே அமைதிகூட எதிரொலிக்கும். அக்காள் அம்பை அணைத்தாள். பிறகு இருட்டில் அவள் குரல் வந்தது.

"ஏங்க, அப்போ காணாமப் போன என் மெல்லிசு ஊசி அதுதானா? பதினொரு வருஷமா வீட்டைப் பெருக்கித் தேடறேன்!"

இடி இடித்த மாதிரி சிரிப்பு. நிர்வாகி சிரித்தார். சுக்கான்காரர் வரைபடத்தால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதோடு கைதட்டல், அந்த எட்டு மாதத்தில் நான் கேட்டதிலேயே பெரிய கைதட்டல். அதுவும் அவளுக்குத்தான். அத்தான் தன் வாழ்நாளில் தானாக முன்வந்து சொன்ன ஒரே பதிலும் இப்படி அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பெட்டிக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தார். சாம்பல், ஆரஞ்சு, வெள்ளை. சரியாக ஒன்றரை நிமிடம்.

வீட்டுக்குப் போகும் வழியில் இருவரும் சேர்ந்துதான் நடந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்காள், "தெரிஞ்சே சொன்னேன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லாம விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"உனக்குத் தெரியும்" என்றார்.

அவள் நான்கு நாள் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஐந்தாவது நாள், வானவில் ஏன் வளைவாக இருக்கிறது என்று கேட்டாள். அவர் "முதல்ல" என்றார். அவள் பீன்ஸை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நிர்வாகி அத்தானுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். குழு அக்காளை நிரந்தரமாக்கியது. வந்த முதல் திங்கட்கிழமை அத்தான் ஒரு சொட்டுக் கறுப்பு வண்ணத்தால் அந்த ஓட்டையை அடைத்தார். உருப்பெருக்கியை அக்காளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அவருடைய பொறாமை அன்றோடு போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். தபால் அட்டைகளில் சிவப்பு மை நிற்கவில்லை. முடிவெட்டிக்கொள்ள அந்தத் தூரத்துக் கடைக்கே போனார். கோணம் விட்டுப்போச்சு என்று என் வாசலில் வந்து நிற்பதும் நிற்கவில்லை. நான் சொல்ல முடிந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஒரு சுருள் வயரும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். தரைவிரிப்பைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெட்டியில் இருந்து அக்காள் நின்று பேசும் மேசை வரைக்கும், விரிப்புக்கு அடியில் வயர் ஓட்டினார். பிறகு பெட்டியில் இருந்த மூன்றாவது திருகைக் கழற்றினார். அதை மேசையின் வலது பக்கத்தில், இருட்டில் அவள் கை தானாகப் போய் விழுகிற உயரத்தில் பொருத்தினார். அளவு எடுக்கவில்லை. அந்த உயரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் வேலையில் இருந்த ஒன்பது வருடமும் அங்கே அக்காளின் கையால்தான் விடிந்தது, அவள் பேசி முடித்த பிறகு.

அன்று மதியம் அக்காள் உள்ளே வந்து, மேசையில் இருந்த அந்தக் கறுப்புத் திருகைப் பார்த்தாள். மழுங்கின வரிகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எதுக்குங்க இது?"

"முதல்ல..." என்று ஆரம்பித்தார்.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவர் திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, உருண்டையைத் துடைக்கப் போனார்.